தன் இறகைத் தானே பிடுங்கிய கிளி

கர்த்தருக்குள் பிரியமான சபையாரே,

இந்த வாரத் தியானம் ஒரு பறவையைப் பற்றியது. என் தவறு ஒன்றைப் பற்றியதும்கூட. இரண்டையும் பிரித்து எழுத என்னால் முடியவில்லை.

குருமனைக்கு வந்துபோகிற உங்களில் பலருக்குப் பவளத்தைத் தெரியும். சாம்பல் நிற உடல், தலையில் மஞ்சள் கொண்டை, கன்னத்தில் பவள நிறப் பொட்டு. பறவைக் கடைக்காரர்கள் காக்டெய்ல் என்று அழைக்கிற சிறு கிளியினம் அது. அதன் தாயகம் ஆஸ்திரேலியா. அங்கே வறண்ட சமவெளிகளில் கூட்டமாகத் திரிகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் என் மகள் தன் சேமிப்பில் அதை வாங்கினாள். கூண்டில் இரண்டு இருந்தன. கையிலிருந்த பணம் ஒன்றுக்குத்தான் போதுமாயிருந்தது.

இங்கே ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. அறியாமல் வளர்த்து வருகிறவர்கள் அதை வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுவதே நலம். நாமாகத் திறந்துவிட்டால், பறக்கப் பழகாத பறவை காகத்துக்கும் பூனைக்கும் இரையாகிவிடும்.

பள்ளி விட்டு வந்தால் என் மகளின் தோளில்தான் பவளம் இருக்கும். அவள் படிக்கும்போது புத்தகத்தின் ஓரத்தைக் கொறிக்கும். அவள் சீட்டியடித்தால் தானும் சீட்டியடிக்கும். கடந்த ஆண்டு ஆகஸ்டில் அவள் செவிலியர் படிப்புக்காக வேலூருக்குப் போனாள். என் மனைவியும் நானும் விசாரிப்புக்கும் கூட்டங்களுக்கும் ஓடிக்கொண்டிருந்தோம். நேரத்துக்குத் தானியமும் தண்ணீரும் வைத்தோம். அது போதும் என்று நினைத்தோம்.

அக்டோபரில் கூண்டின் அடியில் இறகுகள் கிடந்தன. இறகுதிர்க்கும் பருவம் என்று எண்ணினேன். ஆனால் அப்படி உதிர்க்கிற பறவையின் தோல் வெளியே தெரியாது. உதிர்ந்த இடத்தில் புதிய இறகு குருத்துவிட்டுக்கொண்டிருக்கும். பவளத்தின் மார்போ நவம்பருக்குள் உரித்த கோழியைப்போலச் சிவந்து வெறுமையாயிற்று. ஒரு மாலை என் கண்முன்னேயே அது தலையைத் தாழ்த்தி, ஓர் இறகை அலகால் பற்றி இழுத்தது. இழுக்கும்போது வலியில் கிறீச்சிட்டது. சற்றுப் பொறுத்து அடுத்த இறகைத் தேடியது.

பிரியமானவர்களே, நான் என்ன செய்தேன் என்று மறைக்காமல் சொல்லுகிறேன். முதலில் பேன் என்று தீர்மானித்து, கடையில் விற்ற பூச்சிமருந்துத் தூளைத் தூவினேன். பிறகு, கசந்தால் கொத்தாது என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, வேப்பெண்ணெய் தடவினேன். மீதமிருந்த இறகுகள் ஒட்டிக்கொண்டன. மார்கழிக் குளிரில் அது உடலைப் பந்தாய்ச் சுருட்டி நடுங்கியது. அதன் பின் ஒவ்வொரு முறை அது இறகைப் பற்றும்போதும் சத்தமிட்டு அதட்டினேன்; செய்தித்தாளைச் சுருட்டிக் கூண்டைத் தட்டினேன். கடைசியாக, பழைய எக்ஸ்ரே படலத்தை வெட்டிக் கழுத்தில் ஒரு வளையமாக மாட்டினேன். கிளையில் நிற்க முடியாமல் அது இரண்டு முறை விழுந்தது. அன்று முழுவதும் தானியத்தைத் தொடவில்லை. என் மனைவி அழுதுகொண்டே அந்த வளையத்தைக் கழற்றினாள்.

அந்த நாட்களில்தான் இன்னொன்றும் நடந்தது. சம்பந்தப்பட்ட சகோதரியின் சம்மதம் பெற்று, அவளை எவரும் அடையாளம் காணாதபடி எழுதுகிறேன்.

தென்மாவட்டத்திலிருந்து நம் பகுதிக்கு வேலைக்கு வந்த இளம் சகோதரி அவள். அவளைப்போல் எத்தனை ஆயிரம் பேர் இங்கே இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கென்றே நம் வல்லம் வடகால் சிப்காட்டில் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 18,720 பெண்கள் தங்கும்படி 13 கட்டடங்கள் எழுப்பப்பட்டன. முதலமைச்சர் 2024 ஆகஸ்ட் 17 அன்று அவற்றைத் திறந்துவைத்தார். ஆனாலும் ஊருக்குள் வாடகை அறைகளில் தங்கியிருப்போரும் அநேகர். இவளும் அப்படி ஓர் அறையில் ஐந்து பேரோடு தங்கியிருந்தாள்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்த பின் அவள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். "ஐயா, நான் எனக்கே ஒரு தீங்கு செய்யுறேன். விடணும்னு நினைக்கிறேன், முடியல" என்றாள். அடுத்த கூட்டத்துக்கு எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் என்ன செய்கிறாள் என்று நான் கேட்கவில்லை. நம் சரீரம் தேவனுடைய ஆலயம் என்று நினைவூட்டினேன். விசுவாசம் குறையும்போது சத்துரு இடம் பிடிப்பான் என்றேன். மூன்று நாள் உபவாசித்து ஜெபிக்கச் சொன்னேன். அவள் தலையசைத்துப் போனாள். அதன் பின் நான்கு வாரங்கள் அவள் ஆலயத்துக்கு வரவில்லை. ஐந்தாவது வாரம் என் மனைவி அவளைத் தேடிப்போய் அழைத்துவந்தபோதுதான், முக்காட்டின் கீழ் உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடியில்லை என்று தெரிந்தது. ஒவ்வொரு முடியாக அவளே பிடுங்கியிருந்தாள்.

அவள் குருமனை முற்றத்தில் அமர்ந்திருந்தாள். பவளம் வழக்கம்போல் இறகைப் பற்றியது. நான் வழக்கம்போல் அதட்டினேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "அத வையாதீங்க ஐயா. வஞ்சா இன்னும் கூடத்தான் செய்யும்" என்றாள்.

இறையியல் கல்லூரியில் ஆலோசனைப் பணி குறித்து ஒரு முழுப் பருவம் படித்தவன் நான். அந்த ஒரு வாக்கியம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் பவளத்தை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த மருத்துவர் பறவையைத் தொடுவதற்கு முன் ஏறக்குறைய அரைமணி நேரம் எங்களைக் கேள்வி கேட்டார். என்ன தின்கிறது? எங்கே இருக்கிறது? எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பீர்கள்? குளிக்கிறதா? கூண்டு எவ்வளவு பழையது? வீட்டில் அண்மையில் என்ன மாறியது? ஒரு முறையாவது, "இது ஏன் இப்படிக் கெட்ட பழக்கம் பழகியது?" என்று அவர் கேட்கவில்லை.

பிறகு தலையைக் காட்டினார். கொண்டையும் கன்னத்து இறகுகளும் முழுமையாக இருந்தன. அலகு எட்டாத இடத்தில் இறகு இருக்கிறது, எட்டுகிற இடத்தில் இல்லை. ஆகவே பிடுங்குவது இதுவேதான் என்றார். தலையும் மொட்டையாகியிருந்தால் வேறு நோயையோ, உடனிருக்கும் வேறு பறவையையோ சந்தேகிக்க வேண்டுமாம். ஆனால் தானே பிடுங்குகிறது என்று தெரிந்ததும் மனவருத்தம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்றும் எச்சரித்தார். தோலில் தொற்று, குடலில் ஒட்டுண்ணி, ஈரல் நோய், சத்துக் குறைவு, மட்டமான கூண்டுக் கம்பியைக் கடிப்பதால் உடலில் சேரும் துத்தநாகம், இவற்றில் எதுவும் பறவையை இப்படிச் செய்யத் தூண்டலாம். எச்சத்தையும் இரத்தத்தையும் சோதித்தார். பேன் இல்லை. நான் தூவிய தூள் வீண். தடவிய எண்ணெய் தீங்கு.

முடிவில் அவர் சொன்னதை மூன்றாகப் பகுத்துக்கொண்டேன்.

முதலாவது, உடல். ஐந்து ஆண்டுகளாகத் தினையும் சூரியகாந்தி விதையுமே கொடுத்துவந்தோம். விதை மட்டுமே தின்கிற கிளிக்கு வைட்டமின் ஏ குறைந்து தோலும் இறகும் கெடும். முருங்கைக்கீரை, கேரட், மக்காச்சோளம், முளைகட்டிய பயறு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்கச் சொன்னார். திடீரென மாற்றினால் பட்டினி கிடந்தே செத்துப்போகும் என்றார். காலையில் மென்மையாக நீர் தெளித்துக் குளிக்கவைக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, இரவில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருளும் அமைதியும் வேண்டும். நம் குருமனை உங்களுக்குத் தெரியும். இரண்டாம் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் ஜெபிக்க வருவார்கள் என்று நள்ளிரவு வரை கூடத்து விளக்கை எரியவிடுவேன். அதன் நேர்கீழேதான் கூண்டு தொங்கியது. நான் செய்த ஊழியத்தின் வெளிச்சத்தில் ஒரு சிற்றுயிர் மாதக்கணக்கில் உறங்காதிருந்தது.

இரண்டாவது, இடம். காட்டுக் கிளி பகலின் பெரும்பகுதியை இரைதேடுவதில் கழிக்கிறது. கிண்ணத்தில் எல்லாம் கிடைக்கிற கூண்டுக் கிளி பத்து நிமிடத்தில் தின்று முடித்துவிடுகிறது. மீதி நாள் முழுவதும் அந்த அலகுக்கு என்ன வேலை? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் அமேசான் கிளிக்குஞ்சுகளைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2003-இல் வெளியானது. தேடித் துளைத்து உண்ணும்படி உணவும், ஏறி விளையாடப் பொருள்களும் பெற்ற பறவைகளின் இறகுகள் நன்றாயிருந்தன. வெறுங்கூண்டில் இருந்தவை இறகைப் பிடுங்கத் தொடங்கின. பின்னர் அவற்றுக்கும் அதே வசதிகளைக் கொடுத்தபோது இறகுகள் தேறின. பறவைகள் மாறவில்லை, அவை இருந்த இடம் மாறியது. நாங்கள் துருப்பிடிக்காத எஃகுக் கூண்டு ஒன்றை வாங்கினோம். ஒரு பக்கம் சுவரை ஒட்டியிருக்கும்படி வைத்தோம். நான்கு பக்கமும் திறந்திருந்தால் பறவைக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. பனையோலைத் துண்டுகளில் தினையை முடிந்து தொங்கவிட்டோம். தேங்காய் மட்டையைக் கிழிக்கக் கொடுத்தோம். மக்காச்சோளத்தைத் தோலோடு வைத்தோம். இறகைக் கிழித்த அலகு இப்போது ஓலையைக் கிழிக்கிறது.

மூன்றாவது, துணை. கிளி கூட்டத்துக்கென்று படைக்கப்பட்ட உயிர். என் மகளே பவளத்தின் கூட்டம்; ஒரே நாளில் அந்தக் கூட்டம் முழுவதும் மறைந்துவிட்டது. "அப்படியானால் இன்னொரு கிளியை வாங்கிவிடலாமா?" என்று அவசரப்பட்டேன். மருத்துவர் தடுத்தார். புதுப் பறவை நோயைக் கொண்டுவரலாம். சில வாரங்கள் தனியே வைத்துச் சோதிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாமல் ஒன்றையொன்று கொத்தவும் கூடும். முதலில் நீங்கள் நேரம் கொடுங்கள் என்றார். இறகைப் பற்றும்போது அதட்டவும் வேண்டாம், ஓடிவரவும் வேண்டாம். தனித்திருக்கும் பறவைக்கு அதட்டலும் ஒரு துணையாகிவிடும், அதைப் பெறுவதற்காகவே மீண்டும் பிடுங்கும். அமைதியாயிருக்கும்போது அருகில் போய்ப் பேசுங்கள் என்றார். காலையில் அரைமணியும் மாலையில் அரைமணியும் நான் அதனருகே அமரத் தொடங்கினேன். பிரசங்கத்துக்கு ஆயத்தப்படுவது இப்போது அங்கேதான்.

இந்த மூன்றையும் குறிப்பேட்டில் எழுதி முடித்தபோது, இதை எங்கோ வாசித்திருக்கிறேனே என்று தோன்றியது. 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன்.

எலியாவை நினைத்துப்பாருங்கள். ஒரு காலத்தில் காகங்கள் அவனுக்கு உணவு கொண்டுவந்தன. கர்மேலில் அக்கினி இறங்கக் கண்டான். அப்படிப்பட்டவன் யேசபேலின் ஒரு செய்திக்கு அஞ்சி ஓடினான். தன் வேலைக்காரனையும் பெயெர்செபாவில் விட்டுவிட்டான். வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி தேவனிடம் கேட்டான். நானாயிருந்தால் அவனை உபவாசிக்கச் சொல்லியிருப்பேன். தேவனோ தூதனை அனுப்பி அவனைத் தொட்டு எழுப்பினார். தலைமாட்டில் சூடான அடையும் ஒரு ஜாடித் தண்ணீரும் இருந்தன. அவன் புசித்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் கடிந்துகொள்ளவில்லை, உறங்கவிட்டு, இரண்டாம் முறையும் உணவுக்கு எழுப்பினான். முதலில் உடல். அதன் பின் ஓரேபுக்கு நீண்ட பயணம். அங்கேதான், இங்கே உனக்கு என்ன காரியம் என்னும் கேள்வி வந்தது. இடம். முடிவில், தான் ஒருவனே மீந்திருப்பதாகப் புலம்பியவனுக்கு, இன்னும் ஏழாயிரம் பேர் உண்டு என்று சொல்லி, எலிசாவையும் கொடுத்தார். துணை.

இந்த அதிகாரத்தின்மேல் இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். காற்றையும் பூமியதிர்ச்சியையும் மெல்லிய சத்தத்தையும் விரிவாக விளக்குவேன். அடையையும் உறக்கத்தையும் அவசரமாகக் கடந்துபோவேன். முகவுரை என்று நான் நினைத்தது மருத்துவமாயிருந்தது.

அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டேன். இம்முறை கேள்வி கேட்டேன், பதிலுக்குக் காத்திருந்தேன். ஆறு பேர் மூன்று ஷிப்டுகளில் போய்வருகிற அறை அது. யாரேனும் ஒருவர் எப்போதும் கிளம்பிக்கொண்டோ, வந்துகொண்டோ இருப்பார்கள். விளக்கு அணைவதே இல்லை. இரவு வேலை முடிந்து வருகிற வாரங்களில் அவள் நான்கு மணி நேரம் உறங்கினால் அதிகம். பெரும்பாலும் காலையில் ஒன்றும் உண்பதில்லை. அம்மாவிடம் பேச வேண்டுமென்றால் அவள் விழித்திருக்கும் நேரத்தில் அம்மா வயலில் இருப்பார்கள். இவளைத்தான் நான் உபவாசிக்கச் சொல்லியிருந்தேன்.

முடியைத் தானே பிடுங்குவது மருத்துவர்கள் நன்கறிந்த ஒரு நோய்நிலை. கிளிகள் இறகு பிடுங்குவதோடு அதை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் எழுதியும் இருக்கிறார்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. அது பிடிவாதமும் அல்ல, பிசாசின் கட்டும் அல்ல. என் மனைவி அவளோடு மனநல மருத்துவரிடம் போய்வருகிறாள். உங்களில் எவரேனும் இப்படிப்பட்ட பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தால், 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணமில்லை. எங்களிடம் வந்தாலும் கூட வருகிறோம். ஜெபிக்கவும் செய்வோம், ஆனால் ஜெபத்தைச் சொல்லி உங்களை வாசலிலிருந்து அனுப்பிவிட மாட்டோம்.

ஆராதனையில் உறங்குகிறவர்களை, ஜன்னலில் உறங்கி விழுந்த ஐத்திகுவைச் சொல்லிப் பிரசங்கபீடத்திலிருந்து பரிகசித்தவன் நான். அதையும் இங்கே அறிக்கையிடுகிறேன். இரவு வேலை முடித்து, சீருடையோடு நேரே ஆலயத்துக்கு வந்தவர்கள் அவர்கள். இப்போது சபைக் கமிட்டியின் ஒப்புதலோடு ஓய்வுநாள் பள்ளியின் பின்னறைக்குக் கனமான திரை போட்டிருக்கிறோம். பாயும் மின்விசிறியும் உண்டு. ஞாயிறு காலை இரவு வேலையிலிருந்து வரும் சகோதரிகள் அங்கே உறங்கலாம்; பகல் ஒரு மணிக்குப் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் சமைக்கும் உணவு இருக்கும். ஆராதனை நேரத்தில் உறங்குவதற்கு அறை கொடுப்பதா என்று சிலர் வருந்தினீர்கள். சூரைச்செடியின் கீழிருந்த அந்த அடையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பவளம் முழுவதும் குணமாயிற்றா என்று கேட்பீர்கள். இல்லை. சிறகுகளிலும் முதுகிலும் இறகு மூடிவிட்டது. மார்பின் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெறுமையாகவே இருக்கிறது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் பிடுங்கினால் இறகின் வேர்க்குழி செத்துவிடும். அங்கே இனி முளைக்காமலே போகலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். நான் தாமதித்த மாதங்களின் அடையாளம் அது. என் மகள் விடுமுறைக்கு வந்தபோது அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சில நாட்களில், நான் அதிக நேரம் வெளியே இருந்துவிட்டு வந்தால், கூண்டின் அடியில் ஓரிரு இறகுகள் கிடக்கின்றன. அதட்டுவதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறேன்.

அந்தச் சகோதரியும் இன்னும் முக்காடு போட்டுத்தான் வருகிறாள். போன வாரம் அவள் கூண்டருகே நின்று ஓலையில் தினை முடிந்துகொண்டிருந்தாள். "கொஞ்சம் முளைச்சிருக்கு ஐயா" என்றாள். கிளியைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும், உங்கள் அறையிலும், உங்கள் லைனில் அருகில் நின்று வேலை செய்கிறவர்களிடத்திலும், தன்னைத்தானே வருத்திக்கொள்கிற ஒருவர் இருக்கலாம். குடிக்கிறவராயிருக்கலாம், உண்ண மறுக்கிறவராயிருக்கலாம், எல்லோரையும் கடிந்து பேசி எல்லோரையும் இழந்துகொண்டிருக்கிறவராயிருக்கலாம். இந்த வாரம் புத்தி சொல்லுவதற்கு முன், அவர் உறங்கினாரா, உண்டாரா, அவருக்கு யார் உண்டு என்று கேட்டுப்பாருங்கள்.

ஜெபிப்போம். எங்களை உருவாக்கின பிதாவே, களைத்துப்போன உம்முடைய ஊழியனை முதலில் உறங்கவிட்டீரே, அதற்காக உம்மைத் துதிக்கிறோம். கடிந்துகொள்ள முந்துகிற எங்கள் நாவைக் காத்தருளும். இன்றிரவு விளக்கணையாத அறைகளில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு நித்திரையைத் தாரும். அவர்களுக்கு அருகே உட்காரும் பொறுமையை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்